ஆடாத பீரோ

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. "வேலை எப்படிடி போகுது?" என்றாள். "நல்லாப் போகுதும்மா" என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் குடோனின் சரக்கு லிஃப்ட் தடதடவென்று இறங்கியது. "அது என்ன சத்தம்? எங்க நிக்கிற? தலையில ஏதாவது போட்டிருக்கியா?" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் எந்த விஷயத்தையும் முழுதாகச் சொல்லி முடித்தவர் கிடையாது. பாதியிலேயே யாராவது வந்து தோள் கொடுத்துவிடுவார்கள். கதை என்றால் முடியும்வரை கேட்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. (நம்பிக்கைதான்.) நான் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. எங்காவது ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் கற்பனை வற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். லிஃப்ட் வந்திருக்கும்.

இன்னொன்று. முதலில் "நான்" என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்குள் குரல் நடுங்கியது. "அவள்" என்று மாற்றினேன், நின்றுவிட்டது. அவளை வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். வெளியூரில், பழைய மரச்சாமான் விற்கும் ஒரு குடோனில் வேலை. இனி நடப்பதெல்லாம் பொடிசுக்கு நடப்பவை. எனக்கு வேலை நல்லாப் போகிறது.

2

முதல் தொடக்கம்: "தூசி படிந்த ஜன்னல் வழியே வெளிச்சம், கோபித்துக்கொண்டு போன உறவினர் போலத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடோனில் ஜன்னல் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "மரச்சாமான்களுக்கும் மனம் உண்டு என்று பொடிசு நம்பினாள். ஒவ்வொரு நாற்காலியும்"

இல்லை. மனம் இருந்தால் ஏற்றி இறக்கும்போது கத்தியிருக்கும்.

மூன்றாவது தொடக்கம்:

"ஏம்மா, இந்த பீரோ ஏன் குடிச்சிட்டு நிக்குது?"

இதையே வைத்துக்கொள்வோம். கேட்டவர் முதலாளியம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பொடிசு எடுத்த படம். தேக்கு பீரோ. ஒரே பூட்டுள்ள பீரோவுக்கு மூன்று பூட்டு தெரிந்தது.

"வாங்குறவங்க கதவைப் பார்க்கணும், பூட்டைப் பார்க்கணும், கீறல் இருந்தா அதையும் பார்க்கணும். இதுல எந்தப் பூட்டுக்கு நான் சாவி குடுக்கிறது?"

"வெளிச்சம் கம்மி மேடம். கை கொஞ்சம்..."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். சரியா வரலைன்னா பழையபடி கட்டில் தூக்கப் போயிடு."

பழையபடி என்றால், வந்த நாளிலிருந்து பொடிசு ஏற்றி இறக்கும் பக்கத்தில்தான் இருந்தாள். இரட்டைக் கட்டிலின் ஒரு முனையை இவளும் மறுமுனையை லிஃப்ட்காரரும் பிடிப்பார்கள். அவர் உயரமானவர். பாரம் முழுக்க இவள் பக்கம் சரியும். முதுகு சாயங்காலமானால் இவளிடம் தனியாகப் பேச ஆரம்பித்துவிடும். இணையத்தில் போடுவதற்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போனதும், "யாருக்குப் படம் எடுக்கத் தெரியும்?" என்ற கேள்விக்கு முதலில் உயர்ந்தது இவள் கை. போனில் எடுக்கத் தெரியும். கேமரா என்றால் அதுதான். குடோனிலும் போனில் எடுத்த படம்தான் கேட்டார்கள்.

அன்றைக்கே "நம்ம வீடு" என்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்: போட்டோகிராபர் ஆயிட்டேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு ஆன்ட்டி, பேத்தியின் படத்தை அனுப்பி "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுக்கச் சொல்லு" என்றிருக்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமை போகப்போவது வேலை மட்டுமில்லை. ஒரு முதுகும் ஒரு தெருவும் சேர்ந்து போகும்.

3

படம் ஏன் ஆடுகிறது என்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. குடோனில் இரண்டே இரண்டு குழல்விளக்கு. வெளிச்சம் குறைந்தால் போன் கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை இம்மியளவு அசைந்தாலும் அத்தனையும் படத்தில் ஏறிவிடும். அப்படியென்றால் போனைக் கை பிடிக்கக் கூடாது. வேறு ஏதாவது பிடிக்க வேண்டும். என்ன பிடிக்க வேண்டும்?

இதை அவள் வீட்டில் கேட்டிருக்கக் கூடாது.

அத்தான் குரல் செய்தி அனுப்பினார். அத்தானிடம் ட்ரைபாட், அதாவது கேமரா நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்ட், மட்டும் மூன்று இருக்கிறது. அவர் எடுத்த படத்தைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

"இங்க பாரு பொடிசு, அலுமினியம் பக்கமே போகாத. கார்பன் வாங்கு. கால் தனியா வாங்கு, தலை தனியா வாங்கு."

"ஏங்க, அவ படம் எடுக்கப் போறாளா, கொலை பண்ணப் போறாளா?" இது அக்கா. "நீ ஒத்தைக் கால் ஸ்டாண்டு வாங்குடி. இடத்தை அடைக்காது. கடையில பார்த்தேன்."

"எந்தக் கடையில பார்த்த?" அத்தான்.

"உங்க கூடத்தான் வந்தேன். மூணாவதை வாங்கினீங்களே, அன்னைக்கு."

அம்மா: "ஒண்ணும் வாங்க வேணாம். துணிப்பையில அரிசியைப் போட்டு இறுக்கிக் கட்டு. ஸ்டூல் மேல வச்சு, அதுல போனைப் பதிச்சு வை. அசையுதா பார்க்கிறேன்."

அப்பா: "சுவர்ல சாஞ்சுக்கம்மா. முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்க. மூச்சை வெளிய விட்டுட்டு அழுத்து." சுவர் இருக்கும் இடத்தில் அப்பா எதையும் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

பொடிசு நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். சுவரில் சாய்ந்தால் பீரோவின் விலாப்பக்கம்தான் தெரிந்தது, ஏனென்றால் பீரோவும் அதே சுவரில்தான் சாய்ந்திருந்தது. அரிசிப் பை அசையவே இல்லை. ஆனால் ஸ்டூல் உயரத்திலிருந்து எடுத்ததில் பீரோ அரசர் மாதிரியும் வாங்குபவர் காலில் விழுந்த குடிமகன் மாதிரியும் ஆகிவிட்டது. ஒற்றைக் கால், மேலும் கீழும் போகாமல் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் மட்டும் நாணல். கடைசியில் மூன்று கால்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர் அத்தான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கால் கணக்கு சரியாக வந்தது.

* அத்தானுக்காக, அவர் சொன்னபடியே ஒரு குறிப்பு: கடையில் காலை முழுக்க விரித்து, உச்சியில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். நெளிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காலை நீட்டும்போது மேலே இருக்கும் தடித்த துண்டை முதலில் இழுக்க வேண்டும், குச்சி போன்ற அடித்துண்டைக் கடைசியில். நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. உயர்த்தினால் மூன்று கால் வாங்கி ஒற்றைக் காலில் நிற்கிற கதை. அடியில் கொக்கி இருந்தால் கனமான பையை மாட்டுங்கள். விரலால் அழுத்தாமல் டைமர் வையுங்கள். போதுமா அத்தான்? கதை எவ்வளவு நேரம் நின்றது பார்த்தீர்களா?

 போனைப் பற்றி ஒரு சட்டம். குடோனில் மணி அடிக்கக் கூடாது, இது முதலாளியம்மா. சைலன்டில் போடக் கூடாது, இது அம்மா. "எடுக்க முடியலைன்னா கட்டாவது பண்ணு. உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன்." வந்த புதிதில் ஒருநாள் பொடிசு சைலன்டில் போட்டாள். அம்மா அக்காவைக் கூப்பிட்டு, அக்கா அத்தானைக் கூப்பிட்டு, அத்தான் எங்கிருந்தோ குடோன் நம்பரையே பிடித்துவிட்டார். முதலாளியம்மா கட்டில்களுக்கு நடுவே வந்து நின்று, எல்லார் முன்னாலும், "உங்க வீட்ல நீ இருக்கியா போயிட்டியான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?" என்றார். அன்றிலிருந்து மணியும் இல்லை, மௌனமும் இல்லை. வெறும் அதிர்வு.

4

ஸ்டாண்ட் வந்தது. தடித்த கால். நடுவில் கொக்கி. கொக்கியில் அம்மாவின் அரிசிப் பை. போனை மாட்டி, டைமரை வைத்து, பொடிசு இரண்டடி தள்ளிக் கைகட்டி நின்றாள். படம் ஆடியது.

"இன்னும் குடியை விடலையே" என்றார் முதலாளியம்மா.

லிஃப்ட்காரர் பீரோவின் மேல்தான் சந்தேகப்பட்டார். "தங்கச்சி, கால் ஏத்த இறக்கமா இருக்கும்" என்று அட்டையை மடித்து ஒவ்வொரு பீரோவுக்கும் அடியில் சொருகினார்.

"அண்ணே, பீரோ ஆடலண்ணே. படம்தான் ஆடுது."

"பீரோ ஆடாம படம் எப்படி ஆடும்?"

 லிஃப்டால் தரை அதிர்கிறதோ என்று பொடிசுக்குத் தோன்றியது. அவரைக் கெஞ்சிக் கொஞ்ச நேரம் லிஃப்டை நிறுத்தி எடுத்துப் பார்த்தாள். அப்போதும் இரண்டு பூட்டு. அம்மாவிடம் தரை சரியில்லை என்று சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று வந்தது. பெற்ற தாய்.

அப்புறம் ஒரு மதியம் அதிசயம் நடந்தது. வரிசையாக எடுத்த படங்கள் அத்தனையும் கண்ணாடி போல வந்தன. பூட்டின் சாவித்துளைக்குள் இருக்கும் துரு தெரிந்தது. முதலாளியம்மா பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். அவரிடம் அதுதான் பாராட்டு. பொடிசு படங்களைக் குழுவில் போட்டாள்.

"நான்தான் சொன்னேன்ல, மூணு கால்" என்றார் அத்தான்.

"அரிசிப் பை" என்றாள் அம்மா.

"டைமர் வைக்கச் சொன்னதே நான்" என்றாள் அக்கா. அவள் சொல்லவில்லை.

அப்பா ஒரு கட்டைவிரல் போட்டார்.

மறுநாள் காலை பீரோக்கள் மறுபடி ஆடின. அதே ஸ்டாண்ட், அதே பை, அதே தரை.

(வாசிப்பவர்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பொடிசு கண்டுபிடிக்கவில்லை. எனக்கே அவள் மேல் சந்தேகமாக இருக்கிறது. இப்படி ஒருத்தியை நம்பி ஒரு கதையை நிற்க வைக்கலாமா? வேறு கதாநாயகியைப் போடலாம் என்று பார்த்தேன். குடோனில் பெண் என்று முதலாளியம்மாவும் இவளும்தான். முதலாளியம்மாவை வைத்து எழுத எனக்குத் தைரியம்)

லிஃப்ட்.

5

அன்றைய சாப்பாட்டு இடைவேளையில், நீங்கள் மேலே படித்த முதல் மூன்று பகுதிகளையும் குழுவுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு... சரி, பொடிசு போனை ஸ்டாண்டில் மாட்டினாள். எதிரே ஒரு கண்ணாடி பீரோ. ஆளுயரக் கண்ணாடி பதித்தது. டைமரை அழுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக்குள் எல்லாம் தெரிந்தது. தரை அசையவில்லை. மூன்று கால் அசையவில்லை. அரிசிப் பை செத்த பாம்பு மாதிரி தொங்கியது. இவள் மூச்சுகூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் உச்சியில், போன் மட்டும், குளிரில் நிற்கிற கோழிக்குஞ்சு மாதிரி வெடவெடவென்று நடுங்கியது.

ம்ம். ம்ம். ம்ம்ம். போனின் அதிர்வு.

படத்தில் கண்ணாடி பீரோவுக்கு எட்டுக் கதவு இருந்தது. குழுவில் வந்திருந்ததை எடுத்துப் பார்த்தாள்.

அம்மா: "யாருடி அந்தப் பொண்ணு? பாவம். அவளைப் பெத்தவ எங்க போனா?"

அம்மா: "பொடிசுன்னு உன்னைத்தானே கூப்பிடுவோம்?"

அக்கா: "அம்மா, அது கதை."

அம்மா: "கதைன்னா என் அரிசிப் பை எப்படி அதுல வந்துச்சு?"

அத்தான்: "குறிப்புல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. குமிழ்மட்டம். ஸ்டாண்ட் சாயாம நிக்குதான்னு காட்டுற நீர்க்குமிழி."

அம்மா: "முதுகு வலின்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

அம்மா: "சாப்ட்டியா?"

அப்பா: கட்டைவிரல்.

பொடிசு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதிசயம் நடந்த அந்த மதியத்தை நினைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வரும் அந்த மணி நேரம்தான் வீட்டில் சீரியல் நேரம். அம்மாவும் அக்காவும் டிவி முன்னால். ரிமோட் அவர்களிடம் போய்விட்டதால் அப்பாவும் அத்தானும் தூக்கத்தில். உலகத்தில் அவளைப் பற்றி யாரும் கவலைப்படாத ஒரே ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பூட்டுக்குள் இருக்கிற துரு வரை தெரிந்தது.

ஆடாமல் எடுப்பது எப்படி என்று இத்தனை பேர் இத்தனை நாளாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்லத்தான் ஆடியது. அப்பாவின் கட்டைவிரல்கூட ஒரு பூட்டைக் கூட்டியிருக்கிறது.

சிரித்தாள். லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, தெரிஞ்சிடுச்சா?" என்றார்.

"தெரிஞ்சிடுச்சுண்ணே."

"பீரோ கால்தானே?"

"ஆமாண்ணே."

6

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது, காரியத்தைச் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். மூன்று முடிவு யோசித்தேன்.

முதல் முடிவு: பொடிசு சைலன்டில் போடுகிறாள். வியாழக்கிழமை போட்டும் பார்த்தாள், அம்மாவுக்குத் தெரியாமல், சீரியல் நேரத்தை ஒட்டி ஒரு மணி நேரம். படங்கள் கண்ணாடி. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் போனைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள், யாராவது கூப்பிட்டார்களா என்று. கழற்றி மாட்டியதில் ஸ்டாண்டே இடம் மாறிவிட்டது. யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. குடோன் என்பது எவ்வளவு பெரிய இடம் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். இந்த முடிவை நாள் முழுக்க நீட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். அத்தான் மறுபடி குடோன் நம்பரைப் பிடிப்பார். இல்லையென்றால் பிடிக்காமல் விட்டுவிடுவார். எது மோசம் என்று எனக்கு எழுத வரவில்லை.

இரண்டாம் முடிவு: குழுவில் நேராகச் சொல்லிவிடுகிறாள். "நீங்க பேசுறதாலதான் ஆடுது." சொல்லிப் பார்த்தேன். போனும் பிழையில்லாமல் எழுதியது. அழித்துவிட்டேன். அம்மா பதில் போட மாட்டாள். அன்றைக்கு முழுக்க, மறுநாளும். படம் பிரமாதமாக வரும்.

மூன்றாம் முடிவு: தரை சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, பீரோ கால் சரியில்லை என்று சொல்லிவிட்டு, பொடிசு கட்டிலின் முனையைப் பிடிக்கப் போய்விடுகிறாள். அதில் ஒரு சௌகரியம். கட்டில் தூக்கும்போது போன் எவ்வளவு வேண்டுமானாலும் அதிரலாம்.

மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

7

வெள்ளிக்கிழமை. முதலாளியம்மா மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தக் கண்ணாடி பீரோவைக் காட்டி, "இதை எடு. என் கண்ணு முன்னாடி எடு" என்கிறார். லிஃப்ட்காரர் கேட்காமலே லிஃப்டை நிறுத்திவிட்டு, பீரோவுக்கு அடியில் கடைசி அட்டையைச் சொருகிக்கொண்டிருக்கிறார்.

"மேடம், ஒரு நிமிஷம். வீட்டுக்கு ஒரு மெசேஜ் மட்டும்."

"இப்பவா?"

"இப்பதான் மேடம்."

பொடிசு காலை விரித்துவிட்டாள், தடித்த துண்டை முதலில் இழுத்து. அது அத்தானுக்கு. கொக்கியில் அரிசிப் பை, அம்மாவுக்கு. எடுத்து முடியும்வரை சுவரோரம் சாய்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி நிற்கப் போகிறாள். அவள் கையில் எதுவும் இருக்காது, ஆனாலும் அது அப்பாவுக்கு. அக்காவுக்கு டைமர். சொல்லாவிட்டாலும் அவள் சொன்னதாகவே இருக்கட்டும். பத்து விநாடி.

அதிர்வை மட்டும் அவள் அணைக்கவில்லை. இந்த ஒரு படத்துக்காவது அணைத்துத் தொலைத்திருக்கலாம். விரல் அந்த இடம்வரை போய்த் திரும்பிவிட்டது. ஒரு படத்துக்கு அணைத்தால் அடுத்ததற்கும் அணைக்க வேண்டும். அப்படியே நாள் முழுக்க, அப்படியே வருஷம் முழுக்க. அதற்கு முன்னால், அணைக்காமலே ஒருமுறை நிற்குமா என்று பார்க்க ஆசைப்படுகிறாள். முட்டாள்தனம்தான். அவள் மேல் எனக்குச் சந்தேகம் என்று நான் முன்பே சொன்னேன்.

படம் தெளிவாக வந்தால் கண்ணாடி ஓரத்தில் அவளும் தெரிவாள். முதலாளியம்மா வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்வார். வெட்டாத படம் வீட்டுக்கு வரும். சாப்பிட்டாளா, தூங்கினாளா, முதுகு எப்படி இருக்கிறது, எல்லாம் முகத்திலேயே தெரியும். கேட்கவே வேண்டியதில்லை. ஆடிவிட்டால் எட்டுப் பொடிசு தெரிவார்கள். எட்டு பேரும் கட்டில் தூக்கப் போவார்கள்.

இதைக் குழுவுக்கு அனுப்பிய கையோடு போனை மாட்டி அழுத்திவிடுவாள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. அது என் கையில் இல்லை. வீட்டில் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன் இருக்கிறதே, அதில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அத்தானுக்குக் குமிழ்மட்டம் பாக்கி இருக்கிறது. அக்காவுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை. அப்பாவுக்குக் கட்டைவிரல் ஏற்கனவே மேலே வந்திருக்கும். அம்மாவுக்கு

அம்மா, நீ என்ன கேக்கப் போறேன்னு எனக்குத் தெரியும். பத்து எண்ணிட்டுக் கேளு.